பிடி அரிசியும் வெள்ளெழுத்தும்

"ஞாயித்துக்கிழமை ஊருக்கெல்லாம் ஓசியில கண்ணு பாத்துட்டீன்னா, திங்கக்கிழமை நம்ம கடைக்கு எவம்மா வருவா?"

பெரம்பலூரில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையின் முதலாளி ஹமீது பாய் இப்படித்தான் கேட்டார். கேட்டுக்கொண்டே டீயையும் நீட்டினார். அவருக்குத் திட்டுவதும் உபசரிப்பதும் ஒரே நேரத்தில்தான் வரும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். நான் கண் பார்வை சோதிக்கும் ஆப்டோமெட்ரி டிப்ளமோ முடித்தேன். வேலையில் சேர்ந்த அன்று வெள்ளைக் கோட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்றுதான்.

1. முதலில் எடுப்பது

உலை வைப்பதற்கு முன் அம்மா ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார். ஞாயிறன்று அது சபைக்குப் போகும். அங்கிருந்து, அரிசி இல்லாத ஏதோ ஒரு வீட்டுக்குப் போகும். சில வாரம் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்ததும் உண்டு. வந்த அரிசியிலும் அம்மா ஒரு பிடி எடுத்து வைப்பார்.

ஆண்டவர் எனக்குப் படிப்பைக் கொடுத்திருக்கிறார். அதிலும் ஒரு பிடி எடுத்து வைக்க நினைத்தேன். ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையிலேயே இலவசக் கண் பரிசோதனை என்று போதகரிடம் சொல்லிவிட்டேன்.

2. எல்லோரும் பாஸ்

எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கை காட்டினாலே போதும் என்கிற, தூரப் பார்வைக்கான ‘E’ அட்டையைச் சுவரில் மாட்டிய பிறகுதான், கிட்டப் பார்வைக்கான சின்ன அட்டையைக் கடையிலேயே விட்டுவந்தது தெரிந்தது. பரவாயில்லை, பொடி எழுத்துதானே வேண்டும் என்று சபையில் இருந்த வேதாகமத்தை எடுத்து, ஒரு சங்கீதப் பாடல் உள்ள பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் தங்கு தடையில்லாமல் படித்தார்கள். நாற்பதைத் தாண்டியும் நம் ஊரில் யாருக்குமே வெள்ளெழுத்து இல்லையா என்று எனக்கே ஆச்சரியம்.

எஸ்தர் சித்தி வந்தார். முந்திரி ஷெட்டில் முழுப்பருப்பையும் உடைசலையும் தரம் பிரிக்கிறவர். அவரும் கடகடவென்று படித்தார்.

"கிட்டப் பார்வை நல்லா இருக்கு சித்தி."

சித்தியின் முகம் வாடிவிட்டது. "அப்புறம் ஏன் பாப்பா உடைசல் எனக்குத் தெரிய மாட்டேங்குது? இன்னொரு தடவ கலந்து போட்டா ஓடு உடைக்கப் போயிடுன்னுட்டாரு மேஸ்திரி."

ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் கை வெந்து தோல் உரியும். சித்தி அந்த வேலையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அப்போதுதான் அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

"சித்தி, தலைகீழா வெச்சிருக்கீங்களே!"

"எனக்கு எழுத்தே தெரியாதே பாப்பா. நீ படின்ன, மனப்பாடமா தெரிஞ்சத சொன்னேன்."

போதகர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தோம். பிறகு, அதுவரை பாஸான அத்தனை பேரையும் திரும்ப வரிசையில் நிறுத்தினேன். யாரோ வீட்டிலிருந்து ஒரு தட்டில் முந்திரிப் பருப்பு கொண்டுவந்தார்கள். சித்திக்கு ட்ரையல் ஃபிரேம் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். ப்ளஸ் டூ பவர் போட்டதும் அவர் விரல் தானாக ஓட ஆரம்பித்தது.

"இந்தா உடைசல். இந்தா இன்னொண்ணு. அடியாத்தீ, உங்கம்மா தலையில இவ்ளோ நரையா!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

3. எந்தப் பெட்டியிலிருந்து

திங்கட்கிழமை, சித்திக்கு ஒரு ஃபிரேம் வேண்டும் என்று பாயிடம் கேட்டேன். விற்காமல் கிடந்த பழைய ஃபிரேம்கள் இருந்த பெட்டியைக் காட்டினார். ஒன்றில் ஸ்குரூ லூஸ், இன்னொன்றில் காதில் மாட்டும் கம்பி வளைந்திருந்தது.

"இது வேணாங்க பாய். ஷோகேஸ்ல இருக்கறது குடுங்க. என் சம்பளத்துல புடிச்சுக்கங்க."

"ஓசிக்கு ஷோகேஸா?"

பிடி அரிசியைப் பற்றிச் சொன்னேன். சோறு மிஞ்சிய பிறகு அம்மா எடுத்து வைப்பதில்லை, உலைக்கு முன்பே எடுப்பார் என்றேன்.

"எங்கள்லயும் ஜகாத்த மட்டமானதுல குடுக்கக் கூடாதும்மா," என்றபடி பாய் ஷோகேஸைத் திறந்தார். "ஃபிரேம் என் கணக்கு. லென்ஸ் உன் கணக்கு. ஆனா கடைப் பேரச் சொல்லணும், ஆமா!"

சித்தி இன்னும் தரம் பிரிக்கும் மேசையில்தான் இருக்கிறார். இப்போது மேஸ்திரியின் தவறுகளையும் கண்டுபிடிப்பதாகக் கேள்வி.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒருவர் எதைப் பார்த்துப் பிழைக்கிறாரோ, அதையே கையில் கொடுத்துக் கண்ணைச் சோதியுங்கள். அவசரமாக முடித்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

வரும் ஞாயிறு மதியம் செட்டிகுளத்தில், சின்ன வெங்காயம் ஆயும் பெண்களுக்குப் பரிசோதனை. பாயின் வேனைக் கேட்டு வாங்கிவிட்டேன். பையையும் அடுக்கியாகிவிட்டது. கிட்டப் பார்வை அட்டைக்குப் பதில் ஒரு டப்பாவில் வெங்காயம், ஊசி, நூல். அதைத்தான் முதலில் எடுத்து வைத்தேன்.