தௌனோ வீட்டு விசிறி

தௌனோ ராந்தாலா தன் விறகுக் கொட்டகைக் கதவின் குறுக்கே மெல்லிய நூல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். யாராவது திறந்தால் அறுந்துவிடும். ஃபின்லாந்தின் காஸ்கினென் ஊரில் விறகு திருடுபவர் யாருமில்லை. எல்லார் வீட்டிலும் கொட்டகை நிறைய விறகு இருக்கிறது. அதைச் சொன்னால், "அதுதான் எடுக்கிறவனுக்கு வசதி. யாருமே சந்தேகப்பட மாட்டாங்க" என்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தபால் வண்டி ஓட்டியவர். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிய பிறகும் உறையை உடனே விடமாட்டார். வாங்குபவரின் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் விரல்களைத் தளர்த்துவார். இடுப்பு மூட்டு தேய்ந்து கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போனதும் சொந்தக் காரையும் விற்றுவிட்டார். வாங்கியவன் அதிகம் பேரம் பேசவில்லை என்பதே அவருக்கு உறுத்தலாக இருந்தது.

அவர் சந்தேகப்படாத ஒரே மனிதர், பக்கத்து வீட்டு ரோல்ஃப். என் பெரியப்பா. தௌனோவுக்குத் தெரிந்தது ஃபின்னிஷ், பெரியப்பாவுக்கு ஸ்வீடிஷ். ஒருவர் மொழி மற்றவருக்குப் பாதிதான் தெரியும். சனிக்கிழமை சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், அருகருகே உட்கார அந்தப் பாதி போதுமாக இருந்தது. தௌனோ ஊரில் இல்லாதபோது வீட்டின் மாற்றுச்சாவி பெரியப்பாவிடம் இருக்கும்.

ஜனவரி கடைசியில் தௌனோ எனக்குப் போன் செய்தார். எனக்கு இரண்டு மொழிகளிலும் படிப்பு என்பதால், புரியாத பொருள் எது வந்தாலும் இரண்டு வீட்டிலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இந்த முறை, வருவது பெரியப்பாவுக்குத் தெரியக்கூடாது என்றார்.

போனேன். கோட்டைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்:

"வாசா ஆஸ்பத்திரிக்கு நீயே போன் பண்ணு. ஆப்பரேஷன் வேண்டாம்னு சொல்லிடு."

மூட்டு மாற்றுவதற்காக ஒரு வருடத்துக்கு மேல் வரிசையில் இருந்தவர். இப்போது வேண்டாம் என்றால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். கைத்தடி இல்லாமல் சமையலறையிலிருந்து ஜன்னல்வரைகூட அவரால் போக முடியவில்லை. ஏன் என்று கேட்டேன். தடியால் சுவரைக் காட்டினார். மேலே வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பின் வெள்ளைப் பெட்டி. அதன் விசிறி உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது.

அறை நன்றாகச் சூடேறியிருந்தது. வைத்த சூடு வந்த பிறகும் ஊதல் ஓயவில்லை. கிறிஸ்துமஸுக்குத் தங்கை சைமி வீட்டுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து இப்படித்தானாம். முன்பு மெல்லிய ஊதல்தானாம், இப்போது ராத்திரி பகல் என்றில்லாமல் பலமாக ஊதுகிறதாம். அந்த நாட்களில் சாவி பெரியப்பாவிடம் இருந்தது. பம்ப்பில் பெரியப்பா ஏதோ செய்திருக்கிறார் என்பதில் தௌனோவுக்குச் சந்தேகமில்லை. என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆப்பரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், பிறகு சைமி வீட்டில் சில வாரங்கள். பிப்ரவரிக் குளிரில் பூட்டிய வீட்டை யாராவது வந்து பார்க்காவிட்டால் தண்ணீர்க் குழாய்கள் வெடித்துவிடும். சாவியைப் பெரியப்பாவிடம் தருவதைவிட நொண்டுவதே மேல் என்று முடிவு செய்திருந்தார். மூன்று சனிக்கிழமைகளாக சவுனாவுக்கும் போகவில்லை.

நாற்காலியில் ஏறி வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டேன். விசிறி சற்று யோசிப்பதுபோல் இருந்துவிட்டு மறுபடி ஊத ஆரம்பித்தது. கடைசியில், பம்ப் மாட்டியவருக்குப் போன் செய்தேன். விசிறி எந்த வேகத்தில் இருக்கிறது என்றுதான் அவர் முதலில் கேட்டார். ரிமோட்டின் திரையில் நான்கு கோடுகள். அதுதான் காரணம் என்றார்: கையால் ஒரு வேகத்தை வைத்துவிட்டால், அறை சூடான பிறகும் அந்த மாடல் அதே வேகத்தில் ஊதிக்கொண்டே இருக்கும், தானாக நிற்க வேண்டுமென்றால் தானியங்கிக்கு மாற்ற வேண்டும்.

விசிறிப் பொத்தானை அழுத்தினேன். கோடுகள் மறைந்து AUTO என்று வந்தது. தௌனோ ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"பாத்தியா? நீயும் அவன் ஆளுதானே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். வேலியை ஒட்டி, பம்ப்பின் வெளிப்பெட்டிக்கு எதிரில், பெரியப்பாவின் கார் நின்றிருந்தது. உறைபனி நாளில் எஞ்சினைச் சூடாக்கும் ஒயர் அதன் மூக்கிலிருந்து தொங்கிப் பனிக்குள் போயிருந்தது.

ஃபின்னிஷில் காருக்கு ஆட்டோ என்றுதான் பெயர்.

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. பம்ப் மாட்ட வந்தவர், வெளிச்சுவரில் காருக்கென்று இருந்த பிளக்கிலிருந்துதான் மின்சாரம் எடுத்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் ரிமோட்டில் கண்ட அந்தச் சொல், கார் எஞ்சினைச் சூடாக்கும் பொத்தான் என்று தௌனோ எடுத்துக்கொண்டார். காரை விற்றவர் அதை ஒருநாளும் தொடவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பியபோது திரையில் அதே சொல் நின்றது. தன்னிடம் கார் இல்லை; எதிரே நிற்பது ரோல்ஃபின் கார். தன் மின்சாரத்தில் அவன் காரைச் சூடாக்கியிருக்கிறான், வேறென்ன சாட்சி வேண்டும்? அழுத்தி அழுத்தி அதைத் திரையிலிருந்து விரட்டினார். அது நான்கு கோடுகளில் போய் நின்றது.

"அது 'தானா'ன்னு அர்த்தம். காருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன்.

"ஃபின்லாந்துல விக்கிற சாமான்ல ஃபின்னிஷ்லதானே எழுதுவான்?"

பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஊதல் தணிந்து நின்றது. அவர் நிம்மதியடைந்ததாகத் தெரியவில்லை.

"அப்போ அவன் எதுக்கு அதத் தொட்டான்?"

பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: பூச்செடிக்குத் தண்ணீர் விடப் போனபோது வேகம் இரண்டு கோட்டில் இருந்ததாம், ஆளில்லாத வீட்டில் எதற்கு ஊதல் என்று தன் வீட்டில் வைப்பதுபோலவே தானியங்கிக்கு மாற்றினாராம். கார் கதையைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சவுனாவுக்கு வராததற்கு இடுப்பு வலிதான் காரணம் என்று நம்பியிருக்கிறார்.

"மூணு வாரமா எனக்குன்னு மட்டும் சவுனாவச் சூடு பண்ணிட்டிருக்கேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல, லூசுப்பய" என்றார்.

வாசாவுக்குப் புறப்படும் காலையில் பெரியப்பா காரை முடுக்கி வைத்துக் காத்திருந்தார். பெட்டி பின்னால் ஏறியாகிவிட்டது. தௌனோ காருக்கு வரவில்லை. தடியை ஊன்றி, கழற்றிப் போட்டிருந்த ஒயரைப் பனியிலிருந்து கையால் தூக்கித் தூக்கி அது போகும் வழியிலேயே நடந்தார். கேட்டைத் தாண்டி, விறகு அடுக்கைச் சுற்றி, அது பெரியப்பா வீட்டுச் சுவரில் இருந்த பிளக்கில் முடிந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பெரியப்பா கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் அடிக்கவில்லை.

திரும்பி வந்து முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார் தௌனோ.

"ஒயர் ரொம்ப நீளம்" என்றார்.

"ஆமா, கடையில அதான் இருந்துச்சு" என்றார் பெரியப்பா.

சாவியை ஆஸ்பத்திரி வாசலில்தான் தௌனோ எடுத்து நீட்டினார். பெரியப்பா பிடித்த பிறகும் சற்று நேரம் விடாமல் அவர் முகத்தைப் பார்த்தார்.