பிரிட்ஜில் கிடந்த மஞ்சள்கரு

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த பிளாட்டில் ஒரு நாள் பிரிட்ஜைத் திறந்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கிண்ணமொன்றில் முட்டையின் மஞ்சள்கரு மட்டும் கிடந்தது. வெள்ளைக்கரு எங்கே?

"முகத்துக்குப் பூசினனான்," என்றாள் மனைவி.

அவள் ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். வேலையில்லாத நாட்களில் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பாள். நான் காலி வீதியிலுள்ள மருந்துக்கடையில் வேலைக்கு நிற்பேன். அடுத்த கிழமை குப்பைக்கூடையில் பிழிந்த தேசிக்காய்த் தோல் குவிந்திருந்தது. தோய்க்கப் போட்ட அவளுடைய சட்டைக் கையில் விஸ்கி மணம். நான் குடிப்பதில்லை. இங்கே சட்டப்படி பெண்களுக்குக் கடையில் சாராயப் போத்தல் கொடுக்கவும் மாட்டார்கள். அப்படியென்றால் வாங்கிக்கொண்டு வந்தவன் யார்?

தலையிடி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் மத்தியானமே வந்தேன். உள்ளே ஏதோ கடகடவென்று குலுங்கும் சத்தம். ஓசைப்படாமல் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தேன். குசினியில் அவள் தனியாக நின்று, மூடிய எவர்சில்வர் குவளையைத் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை. விஸ்கி சவர் எண்ட கலவைக் குடிவகை செய்யப் பழகுறன்."

"போத்தல்?"

"உங்கட தம்பி வாங்கித் தந்தவர்."

நான் நம்பவில்லை. நின்ற இடத்திலேயே தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அண்ணா, நான்தான். அண்ணி சொல்ல வேண்டாமெண்டவ," என்றான்.

அவள் செய்து காட்டினாள். விஸ்கி, தேசிக்காய்ப்புளி, சீனிப்பாணி, வெள்ளைக்கரு. முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கினால்தான் நுரை கட்டுமாம். பிறகு ஐஸ் போட்டு இன்னொரு தரம். சீனிப்பாணிக்குப் பதில் கித்துள் மரத்துப் பாணி விட்டு ஒன்று, விஸ்கிக்குப் பதில் தென்னஞ்சாராயம் விட்டு ஒன்று. நான் எதையும் தொடவில்லை.

"ஹோட்டலில உமக்கு இந்த வேலை இல்லையே. ஆருக்காகப் பழகுறீர்?"

"மாலைதீவில ஒரு பாரில வேலைக்குக் கேட்டிருக்கிறன். நேர்முகத்தில செய்து காட்டச் சொல்லுவினம். கிடைக்காட்டி உங்களுக்குத் தெரியத் தேவையில்லை எண்டு நினைச்சனான்."

"கிடைச்சா?"

கித்துள் பாணி விட்டதில் ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "புளி கூடிப்போச்சு," என்றாள்.

வேலை கிடைத்தது. யாராவது ஒருவன் வந்து போயிருந்தால் அவனோடு சண்டை பிடித்திருப்பேன். இதற்கு யாரோடு பிடிப்பது? இரண்டு கிழமை அவளோடு கதைக்காமல் இருந்தேன். விமான நிலையத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

இப்போது வேலை தொடங்க முன் பாரில் நின்றபடியே வீடியோவில் கதைப்பாள். அவளுக்குப் பின்னால் யார் நடமாடுகிறார்கள் என்று என் கண் போகும்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"கிளாஸ் எல்லாம் வடிவா இருக்கு," என்பேன்.