மூன்றாவது லைனில் மீன் தொட்டிக்காரர்

டயர் கடைக்கு மேலே, படியேறினால் ரப்பர் நாற்றமும் கூடவே ஏறிவரும் ஓர் அறையில் அந்த டாக்ஸி கம்பெனி இருந்தது. வாடிக்கையாளர்கள் கம்பெனியின் பெயரை மறந்தாலும் அங்கே ஃபோன் எடுக்கும் அம்மாளை மறக்க மாட்டார்கள். யார் கூப்பிட்டாலும் அவர் முதலில் சொல்வது, "ஹோல்டுல இருங்க." அதனால் டிரைவர்கள் அவருக்கு ஹோல்டு அக்கா என்று பெயர் வைத்தார்கள். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. சின்ன வயதில் ஒரு கல்யாணம் செய்துகொண்டு, அது பிடிக்காமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு பெட்டியோடு திரும்பி வந்தவர். காரணம் கேட்டால், "அந்தாளு சாப்பிடும்போது சத்தம் வந்துச்சு" என்பார். அதற்கு மேல் கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

முதலாளி அவருடைய சொந்தத் தம்பி. கம்பெனிக்கு வெளியிலிருந்து வந்த டிரங்க் லைன்கள் மூன்று. மூன்றும் பழைய செம்புக் கம்பி. ஒரு கம்பியில் ஒருவர்தான் பேச முடியும். நான்காவதாகக் கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ்டு சத்தம்தான். பலர் வந்து குறைபட்டுக்கொண்டார்கள். முதலாளி அசரவில்லை.

"எங்கேஜ்டா இருந்தாத்தான் பெரிய கம்பெனின்னு நினைப்பாங்க" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இந்த நினைப்பு ஒரு மழை நாளில் நனைந்துபோனது. மாமனார், மாமியாரை ஏற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய முதலாளியின் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. சொந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். எங்கேஜ்டு. மறுபடி போட்டார். எங்கேஜ்டு. டிரைவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். வண்டி ஓட்டும்போது செல்போனை எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான் என்பதால் ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் மாமனார் தன் செல்போனில் போட்டி கம்பெனிக்காரனைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நல்லா நடத்துறான் தொழில" என்று மாமனார் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையிலேயே முதலாளி தன் மனைவியின் தம்பிக்கு ஆள் அனுப்பினார். ஆபீஸ்களுக்கு ஃபோன் பொருத்துவதுதான் அந்த மைத்துனரின் தொழில். அவர் வந்ததும் வராததுமாக முதலாளி ஆரம்பித்தார்.

"மாப்ள, முப்பது லைன் போடு. போட்டிக்காரன் அதான் வெச்சிருக்கானாம்."

"இருக்குது மாமா. ஒரே டிஜிட்டல் கேபிள்ல முப்பது பேரு ஒரே நேரத்துல கூப்பிடலாம்."

ஹோல்டு அக்கா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார். "முப்பது பேரு கூப்பிடுவான். எடுக்கறதுக்கு இங்க ரெண்டு காதுதான் இருக்கு. அதுலயும் இடது காது சரியாக் கேக்காது."

மைத்துனர் சிரித்துவிட்டார். "இல்லன்னா இன்டர்நெட் வழியா எடுக்கலாம்க்கா. அஞ்சு வேணும்னா அஞ்சு, பத்து வேணும்னா பத்து. ஆனா நெட்டு போச்சுன்னா ஃபோனும் போச்சு. முதல்ல, ஒரே நேரத்துல எத்தனை பேரு பேசறாங்கன்னு ஒரு நாள் உக்காந்து பார்க்கிறேன்."

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் ஃபோன் பெட்டியில் லைனுக்கு ஒன்றாக இருந்த மூன்று விளக்குகளும் அணையாமல் எரிந்தன. மதியத்துக்குப் பிறகு கூட்டம் அடங்கியது. ஆனால் மூன்றாவது விளக்கு மட்டும் அணையவே இல்லை. அக்கா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "ம்", "அப்புறம்?", "அந்த மஞ்சள் மீன் சாப்பிட்டுச்சா?" என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"யாருக்கா அது?"

"கஸ்டமர்தான். மீன் தொட்டி கடைக்காரர்."

"எங்க போகணுமாம்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"எத்தனை நாளா முடிவு பண்றாரு?"

"அவசரப்படுத்தினா எப்படி தம்பி? மனுஷன் நிதானமா யோசிக்கறவரு" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

மைத்துனர் நல்லவர். இதை முதலாளியிடம் சொல்லவில்லை. இன்டர்நெட் வழியாக எட்டு லைன் போதும் என்றார். கூடவே பழைய செம்புக் கம்பியில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். நெட் படுத்துவிட்டால் வருகிற ஃபோனெல்லாம் தானாக அந்த ஒற்றை லைனுக்குத் திரும்பும். முப்பது கிடைக்காத வருத்தத்தில் முதலாளி இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காத்திருப்பவர்கள் கேட்க ஒரு குரலைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வேறொரு பெண்ணின் இனிய குரலை வைக்கலாம் என்ற பேச்சை அக்கா அந்த இடத்திலேயே கொன்றார். தானே பேசினார்: "டாக்ஸி வேணும்னா ஒண்ணை அழுத்துங்க. புகார் சொல்லணும்னா ரெண்டை அழுத்துங்க. ரெண்டுக்கும் நான்தான் எடுப்பேன்."

புகார்கள் பாதியாகக் குறைந்தன.

எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மதியம் இடியும் மழையுமாகக் கொட்டியது. கரண்ட் போயிற்று. நெட் பெட்டிக்கு பேட்டரி வைக்க மைத்துனர் மறந்திருந்தார். எட்டு லைனும் ஒரே மூச்சில் செத்தன. முதலாளி ஜன்னல் வழியே பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றவர்கள் எல்லோர் காதிலும் செல்போன். மேஜையில் ஒரு ஃபோன்கூட அடிக்கவில்லை. சந்தேகப்பட்டுத் தன் செல்போனிலிருந்து கம்பெனி நம்பரை அழுத்தினார். எங்கேஜ்டு.

திரும்பிப் பார்த்தார். அக்கா கம்பி ஃபோனில், "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா! வை ஃபோனை! இருக்கறதே அந்த ஒரு லைனு!"

அக்கா தம்பியைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். பிறகு ரிசீவரில் சொன்னார்: "இங்க பாருங்க, லைன் வேணுமாம். மிச்சத்தை நேர்ல வந்து சொல்லுங்க." வைத்துவிட்டார். அடுத்த நொடியே ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. அக்கா மாற்றி மாற்றி வண்டி அனுப்பினார். கண் மட்டும் அடிக்கடி படிக்கட்டுப் பக்கம் போனது.

மழை விடுவதற்குள் ஒருவர் மேலே வந்து நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்திருந்தார்.

"நீங்கதானா?" என்றார் அக்கா. "குரலை வெச்சு ஆள் உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் உங்களைக் கோபக்காரின்னு நினைச்சேன்."

"அது சரியாத்தான் நினைச்சிருக்கீங்க. உக்காருங்க."

மைத்துனரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தினமும் வந்து உட்கார்ந்தார். சில மாதங்களில் இருவரும் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த வயசுல... ஊர்ல நாலு பேரு என்னக்கா சொல்லுவாங்க?"

"எட்டு லைன் இருக்கேடா. கூப்பிட்டுச் சொல்லட்டும்."

ஒருவரும் கூப்பிடவில்லை. கையெழுத்துப் போட மைத்துனர் சாட்சியாக வந்தார். வீட்டில் மாமனார் பக்கம் என்ன பேசினார்களோ, முதலாளி பதிவு ஆபீஸ் வாசலிலேயே கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். கடைசியில் உள்ளே வந்து இன்னொரு சாட்சியானார். அக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அதில் கண்ணீரை மறைக்கும் அவசரம் கொஞ்சம் தெரிந்தது.

இப்போது அக்கா காலையில் மட்டும் ஆபீசுக்கு வருகிறார். மதியத்துக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு மீன் தொட்டிக் கடைக்குப் போய்விடுவார். அங்கே இருவரும் அதிகம் பேசுவதில்லை. தொட்டிகளில் காற்றுக் குமிழ் விடும் சத்தம் மட்டும் கேட்கும். மாலையில் கடையைச் சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவார்கள். வழியில் அக்கா எதையாவது சொல்லித் திட்டுவார். அவர் கேட்டுக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு வருவார்.