தொண்ணூற்றொன்பது கிலோ

எங்கள் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவில் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறவளுக்கு நான் வைத்த பெயர் நம்பர் அக்கா. பன்னிரண்டு வருடமாக மனிதர்களை எண்களாக்குவதுதான் அவள் வேலை. நான் ரத்தம் எடுப்பவள். நான் குத்திக் குத்தி வாங்குவதை அவள் தட்டித் தட்டி ஏற்றிவிடுவாள். ஆண் ஒன்று, பெண் இரண்டு. எடை தெரியாவிட்டால் தொண்ணூற்றொன்பது. இந்த விதிகளை எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தாள். சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். அவளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே, யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

புதிதாக வந்த புள்ளியியல்காரர் மூன்று மாதத்துக்கு முன் முதல் முடிவைச் சொன்னார். நம் ஆய்வில் தொண்ணூறு கிலோவைத் தாண்டியவர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்களாம். அக்கா அதை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள். அவள் கணவர் வெல்டிங் வேலைக்காரர், தொண்ணூற்றாறு கிலோ. வீட்டுக்குப் போய் அப்படியே ஒப்பித்துவிட்டாள். மனுஷர் இரவுச் சாப்பாட்டை விட்டார், பிறகு காலையையும் விட்டார். போன வாரம் ஏணியில் நின்றபடியே கண் இருட்டி விழுந்தார். கை உடைந்தது, தலை தப்பியது. அப்போதும் சாப்பிட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

நேற்றுக் கூட்டத்தில், இறந்துபோன கனத்த ஆட்களின் பட்டியலைப் புள்ளியியல்காரர் திரையில் காட்டினார்.

"நானூத்திப் பதினேழாம் நம்பர் நோயாளி. பெண், வயசு எழுபத்திரெண்டு, தொண்ணூத்தொன்பது கிலோ."

அக்கா விருட்டென்று எழுந்தாள். "சார், அது எங்க மாமியார்."

"சரிம்மா, அதுக்கென்ன?"

"அவங்க எலும்பும் தோலுமா இருந்தாங்க சார்! எடை மெஷின்ல ஏறி நிக்கவே முடியல. தொண்ணூத்தொன்பதுன்னா தெரியாதுன்னு அர்த்தம்!"

புள்ளியியல்காரர் திரையில் விரல் வைத்து எண்ணினார். பட்டியலில் முப்பத்தெட்டுத் தொண்ணூற்றொன்பது. அத்தனை பேரும் நிற்கக்கூடத் தெம்பில்லாத நோயாளிகள். அவர்களில் பாதிப் பேரின் கையில் நரம்பைத் தேடி அலைந்தவள் நான். எனக்கே உறைக்கவில்லையே என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. அவர்களை நீக்கினால் மொத்த ஆய்விலும் தொண்ணூறைத் தாண்டியவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். மூன்று பேரை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அவரே முனகினார்.

அக்கா வராந்தாவுக்கு ஓடிக் கணவரைக் கூப்பிட்டாள். அவசரத்தில் ஸ்பீக்கர் அழுந்திவிட்டது.

"என்னங்க, மொதல்ல சாப்பிடுங்க."

"ஏன், ஆராய்ச்சி மாறிடுச்சா?"

"அத்தையோட எடை தெரியாதுன்னு போட்டிருந்தேன். அவங்கள மாதிரி முப்பத்தெட்டுப் பேரு. அதத் தொண்ணூத்தொன்பது கிலோன்னு படிச்சுட்டாங்க."



"எங்கம்மாவக் குண்டுன்னு காட்டுன கணக்கப் பாத்தா நான் பட்டினி கெடந்தேன்?" என்றார். "அவ ஒரு வாய் சோறு எறங்காமதானேடி செத்தா?"