குமிழி விடாதவர்கள்

துக்கம் விசாரிக்க வந்த மனிதர் சோபாவில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் கூடத்து மூலையில் இருந்த கருவியைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், துக்கம் போன இடம் தெரியவில்லை. "அடப்பாவி, இன்னமும் இந்தக் குழாயையா மாட்டியிருந்தான்?" என்று எழுந்துபோய் அதன் முன்னால் குந்திவிட்டார். செத்தவனின் மனைவி தம்ளரும் கையுமாக நின்றாள். கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை.

அவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறாள். கணவன் போனதிலிருந்து அவளுக்கு மனசு முழுக்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தட்டினால் தட்டுவது தெரியும், வலி மட்டும் கிடையாது. காலையில் போய் நாற்காலியைத் துடைப்பாள், "வாயை நல்லாத் திறங்க" என்பாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து எதையாவது சாப்பிடுவாள். என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கியது போதாதென்று, லீவு நாளில் கடலுக்குள் இறங்குவான். ஆரம்பத்தில் எல்லோரையும் போல முதுகில் சாதாரணக் காற்றுச் சிலிண்டர்தான் வைத்திருந்தான். அப்புறம் எந்தப் புண்ணியவானோ அவனுக்கு ரீபிரீதரைக் காட்டிவிட்டான். சிலிண்டர்க்காரன் விடுகிற மூச்சு குமிழி குமிழியாக மேலே போய்விடும். ரீபிரீதரில் போகாது. விட்ட மூச்சையே முதுகிலிருக்கும் பெட்டி வாங்கி, சுண்ணாம்புக் குருணையில் சுத்தம் பண்ணி, கொஞ்சம் ஆக்ஸிஜன் சேர்த்துத் திரும்பக் கொடுக்கும். குமிழியும் இல்லை, சத்தமும் இல்லை. மீன் பயப்படாமல் பக்கத்தில் வந்து மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போகும். "சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ற ஆளுக்கு ஏத்த மிஷின்தான்" என்று அவள் அந்தக் காலத்தில் கேலி பண்ணுவாள்.

இந்த ரீபிரீதர்க்காரர்கள் இருக்கிறார்களே, இவர்களை அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமமே பட வேண்டாம். ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவர்களாகவே சொல்லிவிடுவார்கள். தண்ணீருக்குள் இருப்பது கொஞ்ச நேரம். மாட்டுவதும் கழற்றுவதும் கழுவிக் காயவைப்பதும், அடுத்தவன் மிஷினை நொட்டை சொல்வதும்தான் மீதிப் பொழைப்பு. அவள் கணவனின் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'புதுமாடல்' என்பவர் வருஷா வருஷம் மிஷினை மாற்றுவார். போன வருஷம் தலையில் தூக்கிவைத்து ஆடியது இந்த வருஷம் அவருக்குக் காயலான் கடைச் சாமான். 'கறுப்பு' என்பவருக்கு உடை, கத்தி, குழாய், விளக்கு, செருப்பு எல்லாம் கறுப்பு. தண்ணீரில் தவறவிட்ட விளக்கைத் தேடுவதற்கென்று இன்னொரு விளக்கு வாங்கினார், அதுவும் கறுப்பு. 'பட்டியல்' என்பவர் சரிபார்ப்புப் பட்டியல் இல்லாமல் கொட்டாவிகூட விடமாட்டார். அவர் எல்லாவற்றுக்கும் டிக் அடித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் முங்கி எழுந்து தலை துவட்டியிருப்பார்கள்.

அவள் கணவன் பெயர் 'ஒட்டு'. கண்ட கண்ட மிஷின்களிலிருந்து கழற்றிய பாகங்களை டேப்பும் கிளிப்புமாகச் சேர்த்து அவனே ஒன்று செய்துகொண்டான். சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு வைக்க இடம் இருக்காது. அவளும் கத்திப் பார்த்தாள். பிறகு தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

ஒரு லீவு நாளில் அவன் தானாக மேலே வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். மிஷினைச் சோதித்தவர்கள் அதில் ஒரு குறையும் இல்லையென்று திருப்பிக் கொடுத்தார்கள். அவளும் அதைக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள்.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடைசி நேரத்தில் யாராவது அவன் பக்கத்தில் இருந்தார்களா? கையைப் பிடித்துக்கொண்டார்களா? சாவைக்கூட அவள் ஏற்றுக்கொண்டாயிற்று. இது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

மிஷின் முன்னால் குந்தியிருந்த புதுமாடலிடம் கேட்டாள். "அண்ணே, அவர் பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"அதை விடும்மா. இந்தச் சென்சாரைப் பாரு. இதைப் போட்டுக்கிட்டு எவனாவது தண்ணிக்குள்ள போவானா? படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டானா?"

மறுவாரம் கறுப்பு வந்தார். அவருக்கு அந்த மஞ்சள் குழாய்தான் கண்ணை உறுத்தியது. "மஞ்சள்! பாத்தியாம்மா, எல்லாம் இங்கதான் ஆரம்பிக்குது."

"குழாய் நிறத்துக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்ணே?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அவர். அவள் தன் கேள்வியைக் கேட்காமலே காப்பி கலக்கப் போனாள்.

அடுத்து வந்த பட்டியல் கையில் தாளோடு உட்கார்ந்தார். முந்தின நாள் தூங்கினானா, என்ன சாப்பிட்டான், சளி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடித்தார். பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவள் தன் கேள்வியைக் கேட்டாள். அவர் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அந்தக் கேள்வி இதுல இல்லையேம்மா" என்றார், பாவம், நிஜமான வருத்தத்தோடு.

கெட்டவர்கள் இல்லை. போகிறபோக்கில் சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனார் பட்டியல். செத்தவனைப் பற்றிப் பேசத் தெரியாது அவர்களுக்கு, மிஷினைப் பற்றிப் பேசத் தெரியும்.

அவனோடு எப்போதும் ஜோடியாக இறங்குகிற கூட்டாளி மட்டும் வரவே இல்லை. பஸ் டிரைவர், வயதில் சின்னவன், இவளை அண்ணி என்று கூப்பிடுவான். அடக்கத்தின்போது எல்லோருக்கும் பின்னால் நின்றுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான். ஒரு நாள் சாயங்காலம், டூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடே வந்து நின்றான். வந்தவன் தரையில் உட்கார்ந்து மிஷினைக் கழற்ற ஆரம்பித்தான். இவனுமா என்று நினைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நல்ல மிஷின் அண்ணி. இதுல ஒரு தப்பும் இல்ல."

"நான் மிஷினைப் பத்தி யாரையுமே கேக்கலையேப்பா. எல்லாரும் அதையே சொல்றீங்க. அவர் கூட இருந்தது நீதானே? போறப்ப கையைப் பிடிச்சிருந்தியா?"

கூட்டாளி தலை நிமிராமல் இன்னொரு திருகைக் கழற்றப் போனான். அவள் விடவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மணிக்கட்டுல ஸ்க்ரீன் இருக்கும் அண்ணி. ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு நம்பர் காட்டும். எல்லாருமே அதையேதான் பாத்துட்டு இருப்போம். நானும் பாத்துட்டு இருந்தேன். நம்பர் நல்லா இருந்துச்சு. நல்லா இருக்கேன்னு இன்னும் கொஞ்ச நேரம் பாத்தேன். திரும்பினா அண்ணனைக் காணோம்."

"எப்போ போனாரு?"

"தெரியல அண்ணி. சிலிண்டரா இருந்தா குமிழிச் சத்தம் நின்னதும் தெரிஞ்சிருக்கும். எங்களுக்குத்தான் சத்தமே கிடையாதே. பக்கத்துல இருக்கிற மாதிரியேதான் இருந்துச்சு."

"அப்போ தனியாத்தான் போனாரு."

"ஆமா அண்ணி."

நெஞ்சுக்குள் ஏதோ பிடுங்கினமாதிரி வலித்தது அவளுக்கு. நன்றாகவே வலித்தது. இவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எதிரே இருந்தவன் கழற்றிய குழாயைத் தப்பான பக்கம் மாட்டி, திரும்பக் கழற்றி, மறுபடியும் அதே தப்பான பக்கம் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் தண்ணிக்குள்ள போறியா?"

தலையைக் குனிந்துகொண்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை போறோம்" என்றான்.

"யாரோட?"

"புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காரு."

"கல்யாணம் ஆனவரா?"

"ஆனவர்தான் அண்ணி."

"நம்பரைப் பாக்காதேன்னு சொல்லல. பாரு. நடுநடுவுல அவரையும் திரும்பிப் பாருப்பா." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் குரல் உடைந்தது. இத்தனை நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது, வாயைப் பொத்தினாலும் அடங்கவில்லை.

கூட்டாளி குழாயைக் கீழே வைத்தான். எழுந்து போகவில்லை. அவள் அழுது ஓயும்வரை எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.