வெள்ளிப் பெயிண்ட் அடித்த குழாய்

திருவொற்றியூரில் வேன்களுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ராயபுரத்துக் கஸ்பார் பார்த்தது, வேலை என்றே யாரும் ஒப்புக்கொள்ளாத வேலை. கம்ப்ரஸர் ஷெட்டில் இருந்துகொண்டு மணிக்கொருதரம் காற்று டாங்கியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். கடற்காற்றை இழுத்து அமுக்கினால் அதிலுள்ள ஈரமெல்லாம் தண்ணீராகி அடியில் தங்கும். வடிக்காமல் விட்டால் அது காற்றோடு போய் ஸ்பிரே கன்னில் ஏறும். வேன் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம் கிளம்பும்.

பெயிண்ட் பளபளத்தால் அது பெயிண்டர் வேம்புவின் கைராசி. கொப்புளித்தால் கஸ்பாரின் தூக்கம். இதென்ன நியாயமோ! குழாயைத் திறந்தால் காற்று போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. மனதில் இருப்பதையெல்லாம் கஸ்பார் அப்போதுதான் வாய்விட்டுத் திட்டுவான். மேஸ்திரி பரசுராமனின் பரம்பரையே அதில் அடிபடும். குழாயை மூடியதும் வாயும் மூடிக்கொள்ளும்.

மூடாமல் என்ன செய்வான்? வருஷக்கணக்காக டெம்பரவரி. "ரொட்டிக் கம்பெனி வேனுங்க பழுதில்லாம போச்சுன்னா, உன்ன பர்மனென்ட் ஆக்கச் சொல்லி மொதலாளியாண்ட நானே பேசறேன்" என்று பரசுராமன் வாக்குக் கொடுத்திருந்தார். கஸ்பாரின் மனைவி பிலோமி அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆயுதபூஜை வந்தது. பட்டறையிலுள்ள மெஷின்களுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அதற்காக நாள் முழுக்க கம்ப்ரஸர் ஓடியது. வேலை முடிந்து கஸ்பார் தண்ணீரை வடிக்கப்போன நேரம் பார்த்து, பொரியும் பூவும் வாங்கிவர யானைக்கவுனிக்கு அவனைத் துரத்தினார் பரசுராமன். திரும்பி வந்தால் டாங்கி தலை முதல் கால் வரை வெள்ளி நிறத்தில் மினுங்கியது. மாலையும் போட்டாயிற்று. வேம்பு பல்லைக் காட்டினான்.

"இன்னா மாமு, எப்டி கீது? மிச்ச பெயிண்ட்ட ஒனக்குன்னு எடுத்து வச்சி அடிச்சேன்!"

அடியிலிருந்த குழாயையும் அவன் விட்டுவைக்கவில்லை.

விடுமுறை முடிந்து காலையில் வந்து திருகினால் குழாய் அசையவில்லை. பெயிண்ட் காய்ந்து இறுகிப்போயிருந்தது. கஸ்பார் சுத்தியலைத் தூக்கினான்.

"அடச்சீ, வை கீழ!" என்று ஓடிவந்தார் பரசுராமன். "பூஜ போட்ட மெஷின மொதமொதல்ல சுத்தியால அடிப்பியா? வெளங்குமா? ஸ்டார்ட் பண்ணு, ரொட்டிக் கம்பெனி பார்ட்டி வந்துகினு கீறாரு."

"உள்ள தண்ணி கீது மேஸ்திரி..."

"ஸ்டார்ட் பண்ணுன்னா பண்ணு!"

பண்ணினான். டாங்கியில் கிடந்த தண்ணீரெல்லாம் ரொட்டி வேனின் மேல் போய் உட்கார்ந்தது. வந்த பார்ட்டி கொப்புளங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வண்டி ஏறினார்.

"தூங்கிகினே வேல செய்வாராம், இவருக்கு பர்மனென்ட் வேணுமாம்!" என்றார் பரசுராமன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. வேம்புவுக்கு எல்லாம் தெரியும். அவன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆயுதபூஜைக்கு அவன் ஷெட்டை விட்டு நகரவேயில்லை. டாங்கிக்குத் தானே பெயிண்ட் அடித்தான். குழாயில் மட்டும் கந்தல் துணி சுற்றி வைத்து, பிறகு புளி போட்டுத் தேய்த்தான். பித்தளை தங்கமாய் மின்னியது. கடைசியாகத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது, கற்பூரத் தட்டோடு வந்த பரசுராமன் குழாயைப் பார்த்து முகம் சுளித்தார். காற்றின் கூச்சலுக்கு மேலே கத்தினார்.

"எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சி இத்த மட்டும் மொட்டையா வுட்டு வச்சிக்கீற. அப்பறம் எங்கடா ஒனக்கு பர்மனென்ட் ஆவும்?"

கஸ்பாரின் வாயில் வழக்கமான திட்டெல்லாம் திரண்டு வந்தது. ஆனால் அன்று அவன் குழாயை முதலில் மூடினான். ஷெட் அமைதியானது. வேம்புவும் திரும்பிப் பார்த்தான்.

"போன வருசம் இதுக்கும் சேத்து பெயிண்ட் அடிச்சதாலதான், மேஸ்திரி, என் பர்மனென்ட் போச்சு. சுத்திய கீழ வையின்னு சொன்னது நீங்கதான்."