சீப்கோ மச்சானின் சப்வூஃபர்

நான் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்து நாற்காலியில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரரான என் மச்சான் சீப்கோ தரையில் ஊர்ந்துகொண்டிருந்தார். அறுபத்தேழு வயது, ஆறடிக்கு மேல் உயரம், ஊர்வதற்கென்று படைக்கப்பட்ட உடம்பே அல்ல. தலையைத் தாழ்த்தி, சுவரோரமாக ஒரு கை, ஒரு முழங்கால் என்று நகர்ந்து, நின்று, காதைச் சாய்த்தார். பெட்டி ஒரே கீழ்ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான், எதத் தொலைச்சீங்க?"

"பேசாத ஹார்ம். தேடிக்கிட்டிருக்கேன்."

"அதான் என்னத்தன்னு கேக்கறேன்."

"இடம்டா, இடம். பெட்டி வைக்கிற இடம்."

பிறகு எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே விளக்கினார். கீழ்ஸ்வரம் அறையெங்கும் ஒரே மாதிரி பரவாதாம். சில இடத்தில் குளம்போலத் தேங்கும், சில இடத்தில் வற்றிவிடும். அதனால் நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை உட்காரவைத்துவிட்டு, பெட்டி இருக்கவேண்டிய இடத்தை நாம் ஊர்ந்து தேட வேண்டும். எங்கே சரியாகக் கேட்கிறதோ அங்கே பெட்டி. அப்புறம் நாற்காலி நமக்கு. மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீப்கோ முப்பத்தெட்டு வருடம் எங்கள் ஊர் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தவர். எங்கள் நிலம் கடலைவிடத் தாழ்வு. பம்பு ஓடும்வரைதான் நாங்கள் நனையாமல் இருப்போம். மனிதர் சாக்ஸ் காலோடு இரும்புத் தளத்தில் நின்று, "மூணாவது பம்புல பேரிங் போகப்போவுது" என்பார். அளவுகோலெல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும். பத்தாவது நாள் அந்த பேரிங் போகும். நான் வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் பூசுகிறவன். கண்ணுக்குத் தெரிவதைத்தான் நம்புவேன். இருந்தும் அந்த உள்ளங்காலை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஓய்வு பெற்றதும் டென்மார்க்கில் செய்த இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கினார். வால்நட் மரம், இடுப்பு உயரம். வயலின் போட்டால் வில்லில் தடவிய பிசின்கூடத் தெரியும். ஒரு மாதம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் இருக்கு ஹார்ம். தரை மட்டும் இல்ல."

அந்தத் தரைக்காக, அதாவது அடிமட்டக் கீழ்ஸ்வரத்துக்காக வந்ததுதான் இந்தக் கறுப்புப் பெட்டி, சப்வூஃபர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு குழலின் ஒலி. எங்கள் தேவாலயத்து ஆர்கனில் மூன்று ஆள் உயரத்துக்கு நின்ற குழல், இடது காலால் பெடலை மிதித்தால் பேசுவது. எரிவாயு எடுத்து எடுத்துப் பூமிக்கடியில் நிலம் தளர்ந்து, எங்கள் பக்கம் அடிக்கடி சின்னச் சின்ன நில அதிர்வு வரும். தேவாலயத்தில் விரிசல் விழுந்ததால் பலப்படுத்தப் பூட்டினார்கள். ஆர்கனைக் கழற்றிப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய் மூன்று வருடம் ஆகிறது. பூட்டுமுன் கடைசி ஞாயிறு, சீப்கோ முன்வரிசை பெஞ்சுக்கடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து முழு ஆராதனையையும் பிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஊர்ந்து ஊர்ந்து என்ன பயன்? நாற்காலி இருந்தது அறையின் நட்டநடுவில். கீழ்ஸ்வரம் வற்றிப்போவதும் அங்கேதான். நாற்காலியை நகர்த்தலாம் என்றால் என் அக்கா ஹில்யே விடவில்லை.

"அது அங்கதான் இருக்கும். இருபது வருஷமா அங்கதான் இருக்கு. நகரணும்னா உங்க பொட்டி நகரட்டும்."

ஆகவே பெட்டி மூலைக்குப் போனது, பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவரோரம். நடு நாற்காலியில் ஒலி போதவில்லை என்று மச்சான் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். அக்கா பாட்டுப் பயிற்சிக்குப் போகும் புதனும் வெள்ளியும், மாலை ஏழு மணிக்கு, அவர் அந்தக் கடைசி ஆராதனையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பத்து நிமிடம் ஓடினால் அந்தக் குழல் வரும். நானும் ஒருநாள் கேட்டேன். ஸ்பீக்கர் ஒரு பாட்டு பாட, பெட்டி பின்னாலிருந்து வேறெதையோ உறுமியது. "வருது, ஆனா ஒட்டல" என்றார் பாவம்.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு மதியம் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து அக்கா டப்பாவை மூடியாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஃபென்னா அம்மாள் இரண்டு ஜெரேனியம் பூந்தொட்டிகளோடு வந்தார். எழுபத்திரண்டு வயது, நாற்பத்தோரு வருடம் எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். முகம் வாடி, கண்ணுக்கடியில் கருத்திருந்தது.

"ஹில்யே, இத நீ வெச்சுக்க. மாசக் கடைசியில மக வீட்டுக்குப் போயிடறேன். ஸ்வொல்லேவுக்கு."

"எத்தன நாளைக்கு?"

"நாளென்ன நாள். ஒரேயடியாத்தான். வீட்ட வித்துரச் சொல்லிட்டேன். இனி என்னால முடியாதும்மா. வாரத்துக்கு ரெண்டு தடவ ஆடுது. சன்னல் கடகடங்குது. வெளிய ஓடத் தயாரா, கோட்ட மாட்டிக்கிட்டு வாசக்கதவுக்கிட்டயே உக்காந்திருக்கேன்."

கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினார். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படி ஒன்று வைத்திருக்கிறோம், நில அதிர்வு வந்த நாளும் நேரமும் எழுத. நான் படித்தேன். புதன், ஏழு பத்து. வெள்ளி, ஏழு பத்து. புதன், ஏழு பதினொன்று. பூமிக்கு என்ன, கடிகாரமா கட்டியிருக்கிறது? நிமிர்ந்து மச்சானைப் பார்த்தேன். காப்பிக் கோப்பையை வாயருகே பிடித்தபடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் போகும்வரை கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

மச்சானைக் கொல்லைப்புறத்தில் வைத்துப் பிடித்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு பொம்பள வீட்ட வித்துட்டு ஊர விட்டே போறாங்க, உங்க பொட்டிக்குப் பயந்து!"

"தெரியும்டா."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான!"

"பெட்டிய இப்பவே தூக்கி எறிஞ்சிடுவேன், அது ஒண்ணுமில்ல. ஆறு வாரமா உங்கள நடுங்க வெச்சது நான்தான்னு முகத்தப் பார்த்து எப்படிடா சொல்றது?"

மறுநாள் மாலை, நானும் அக்காவும் கூடத்தில் காத்திருக்க, போய்ச் சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று தெரியாது. அடுத்த நிமிடம் ஃபென்னா அம்மாள் கோட்டோடும் செருப்போடும் அக்கா வீட்டுக் கூடத்தில் நின்றார். கோபத்தோடு பெட்டியைக் காட்டினார்.

"அதப் போடு."

"வேணாம் ஃபென்னா, நான் நாளைக்கே…"

"என்ன விரட்டினது எதுன்னு நான் கேக்கணும். போடு சீப்கோ."

போட்டார். அந்த அம்மாள் நடு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். முதல் வரியிலேயே தலை நிமிர்ந்தது.

"இது எங்க பிடிச்சது?"

"கடைசி ஞாயிறு. பெஞ்சுக்கடியில."

"இது நான்."

"ஆமா. நீங்கதான்."

அந்தக் குழல் பேச வேண்டிய இடம் வந்ததும் முகத்தைச் சுளித்தார். "இங்க பெடலே கேக்கலியே. எல்லாம் எங்க வீட்டுக்குல்ல போயிருக்கு!" எழுந்து அறைக்குள் மெல்ல நடந்து, சன்னல் பக்கம் இரண்டு எட்டு வைத்து நின்றார். "இங்க இருக்கு. நாற்காலிய இங்க போடு."

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா எதையும் பார்க்காமல், தானே ஒரு பக்கம் பிடித்து நாற்காலியைத் தூக்கினாள். உலகம் அழியவில்லை.

"இப்ப பெடல் பிந்துது. நான் பிந்த மாட்டேன் சீப்கோ. அந்தக் குழல் வாயத் திறக்க நேரமெடுக்கும், அதுக்காக ஒரு இமை நேரம் முந்தியே மிதிப்பேன். கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கு எல்லாம் சேர்ந்தே வரணும்ல."

பெட்டியைப் பொதுச் சுவரை விட்டு இழுத்து ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார் மச்சான். குப்புறப் படுத்து, பின்னால் இருந்த, ஒலியை முந்தவும் பிந்தவும் வைக்கும் சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "இல்ல… இல்ல… ம்" என்றார். "இப்ப சத்தத்தக் குறை. இன்னும். இன்னுங் கொஞ்சம். அது இருக்கிறதே தெரியக் கூடாது."

பெட்டி மறைந்துபோனது. கண்ணெதிரே கறுப்பாக நிற்கிறது, ஆனால் அங்கிருந்து எதுவும் வரவில்லை. ஸ்பீக்கர்களும் இல்லை. அக்கா வீட்டுக் கூடத்தின் கூரை எங்கோ மேலே போய்விட்டது. யாரோ இருமுவது கேட்டது, கல் சுவர்களின் குளிர் தெரிந்தது. பிறகு அந்தக் குழல் பேசியது. காதில் அல்ல, நெஞ்செலும்புக்குப் பின்னால். நான் பக்தன் இல்லை, தேவாலயத்துக்கு வர்ணம் பூசத்தான் போவேன். அன்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

மச்சான் சட்டென்று பெட்டியை மட்டும் அணைத்தார். எல்லா ஸ்வரமும் அப்படியே இருந்தது, ஆனால் தேவாலயம் போய்விட்டது. நாங்கள் நாலு பேர் ஒரு கூடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"திரும்பப் போடு," என்றார் ஃபென்னா அம்மாள்.

அந்த அம்மாளிடம் சாவி வாங்கிக்கொண்டு நான் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். கடிகாரச் சத்தம் மட்டும்தான். சன்னல் அசையவில்லை. திரும்பி வந்து சொன்னதும் அந்த அம்மாள் தன் இடது காலைப் பார்த்தார். பழுப்புச் செருப்பு, கொஞ்சம் வீங்கிய கணுக்கால்.

"ஆறு வாரமா நான் இதுக்கா பயந்தேன்? என் கால், சீப்கோ! என் கால் மிதிச்சதுக்கு நானே ஓடப் பாத்தேனே!"

சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. மச்சான் தரையிலேயே முழந்தாளிட்டிருந்தார், அவர் கண்ணும் நிரம்பியிருந்தது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம். கிளம்பும்போது ஃபென்னா அம்மாள் யாரையும் கேட்காமல் ஜெரேனியம் தொட்டிகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை நிஜமாகவே ஆடியது. அலமாரியில் தட்டுகள் குலுங்கின. நான் அக்கா வீட்டு வாசலுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன், ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் சாக்ஸ் காலோடு வேலிக்கு ஓடினார்.

"ஃபென்னா! இது நான் இல்ல!"

அந்தப் பக்கம் சன்னல் திறந்தது. ஃபென்னா அம்மாள் கையில் நோட்டும் பேனாவும் இருந்தன. கோட்டு போட்டிருக்கவில்லை.

"தெரியும் சீப்கோ," என்றார். "நானும் இல்ல."